எழுத்துக்கு இடம் விடுங்கள்: ஆவண வடிவமைப்பு குறித்த வாசகர் கேள்வி-பதில்

சுற்றறிக்கை, மனு, விலைப்பட்டியல், படிவம் என்று அன்றாடம் தயாரிக்கும் தாள்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் பக்க வடிவமைப்புக் குழு பதில் சொல்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யப்போவதை ஒரு வாரம் முன்பே சுற்றறிக்கையாக ஒட்டினோம். அன்று காலை பாதிப் பேர் ‘ஏன் தண்ணீர் வரவில்லை’ என்று கேட்டார்கள். அறிக்கையை இணைத்துள்ளேன். எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்

போதாது. உங்கள் தாளின் தலைப்பு ‘சுற்றறிக்கை’. அதன் கீழ் முதல் வாக்கியம் இது: “நமது குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டிகளைக் கடந்த செயற்குழுக் கூட்டத்தில் எடுக்கப்பட்ட தீர்மானத்தின்படி தனியார் நிறுவனம் ஒன்றின் மூலம் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யப்பட்டுள்ளதால், அன்றைய தினம் காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை குடிநீர் விநியோகம் நிறுத்திவைக்கப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.” எந்தத் தினம் என்பது இரண்டாம் பத்தியில் இருக்கிறது. லிஃப்டுக்காக நிற்பவர் அதுவரை படிக்க மாட்டார்.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘படி’, ‘மூலம்’, ‘உள்ளதால்’ என்று தொடுத்துக்கொண்டே போனால் சொல்லவந்த செய்தி வாலுக்குப் போய்விடும். ஆகவே அறிவிப்புகளில் ஒரு வாக்கியம் பன்னிரண்டு சொல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘சுற்றறிக்கை’ என்ற சொல்லை மூலையில் சிறிதாக வைத்துவிட்டு, செய்தியையே தலைப்பாக்குங்கள்:

ஞாயிறு, ஜூன் 15
காலை 6 முதல் பிற்பகல் 2 வரை தண்ணீர் வராது

இதன் கீழே செய்ய வேண்டியவை: சனிக்கிழமை இரவே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும். குழாய்களை மூடி வைக்கவும். 2 மணிக்குப் பிறகு முதலில் வரும் கலங்கல் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். காரணமும் தீர்மானமும் அதற்கும் கீழே ஒரே வரியில் வரட்டும்.

ஏ4 தாளில் ஒட்டும் அறிவிப்புக்குத் தலைப்பு 36 பாயின்ட், மற்றவை 18 முதல் 20 பாயின்ட் வரை இருக்கட்டும். பத்து வரிக்கு மேல் போகிறதென்றால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், செய்தியைக் குறையுங்கள். தேதியை 05-06 என்று எழுதினால் ஜூனா மே மாதமா என்று தடுமாறுவோர் உண்டு. மாதத்தின் பெயரையும் கிழமையையும் எழுதிவிடுவது நல்லது.

வேர்டில் தமிழில் தட்டச்சு செய்தால் சில வரிகளுக்கிடையே இடைவெளி அதிகமாகவும் சிலவற்றில் குறைவாகவும் விழுகிறது. அதைச் சரிசெய்யப் போனால் எழுத்துகளின் தலை வெட்டுப்படுகிறது. எழுத்தின் அளவை மாற்றினாலும் சில இடங்களில் மாறுவதில்லை.
– அலுவலக உதவியாளர், திண்டிவனம்

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வரி இடைவெளி ‘சிங்கிள்’ என்றோ ‘1.15’ என்றோ இருந்தால், அந்த வரியில் உள்ள எழுத்துருக்களில் எது உயரமானதோ அதற்கேற்ப வரியின் உயரம் மாறும். ‘லதா’ எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தின் நடுவே இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய இரண்டு வரி ‘நிர்மலா’ எழுத்துருவில் இருந்தால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரே தமிழ் எழுத்துருவுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து, பத்தி அமைப்பில் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று மாற்றி அளவை நீங்களே கொடுங்கள்.

தலை வெட்டுப்படுவது அந்த அளவைக் குறைவாகக் கொடுப்பதால். ஆங்கிலத்தில் 12 பாயின்ட் எழுத்துக்கு 14, 15 பாயின்ட் வரி போதும். தமிழில் மேலே புள்ளி இருக்கிறது, ‘கி’, ‘கீ’யின் வளைவு இருக்கிறது. கீழே ‘பு’, ‘பூ’, ‘ஞு’ இறங்குகின்றன. 12 பாயின்ட் எழுத்துக்கு 18 பாயின்ட் கொடுங்கள், அதாவது ஒன்றரை மடங்கு. ‘ஸ்ரீ’, ‘ஜூ’, ‘ஹூ’ வரும் ஒரு வரியை அச்செடுத்துப் பாருங்கள். எதுவும் வெட்டுப்படவில்லை, மேல்வரியைத் தொடவில்லை என்றால் அந்த அளவு சரி. ஓர் எச்சரிக்கை: ‘எக்ஸாக்ட்லி’ கொடுத்த பத்தியில் படத்தைச் செருகினால் படமும் ஒரு வரி உயரத்துக்கு நறுக்கப்பட்டுக் கீற்றாகத் தெரியும். படம் இருக்கும் பத்திக்கு மட்டும் ‘சிங்கிள்’ கொடுங்கள்.

அளவு மாறாததற்குக் காரணம், வேர்டு தமிழையும் ஆங்கிலத்தையும் தனித்தனிக் கணக்கில் வைத்திருப்பது. அது எழுத்துருப் பெட்டியில் தெரியும். கன்ட்ரோல் விசையோடு டி-யை அழுத்தித் திறந்தால் ‘லத்தீன் டெக்ஸ்ட்’, ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று இரண்டு பகுதிகள் தெரியும். தமிழ் கட்டுப்படுவது இரண்டாவதற்கு. (மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்காத கணினியில் அந்தப் பகுதி காட்டப்படாமல் இருக்கலாம்.) ‘நார்மல்’ ஸ்டைலை மாற்றும்போது இரண்டு பகுதிகளிலும் எழுத்துருவையும் அளவையும் குறித்துவிட்டால் ஆவணம் முழுக்கச் சீராகிவிடும். ஒவ்வொரு பத்தியாகத் தேர்ந்தெடுத்து மாற்றுவது வீண் உழைப்பு. அடுத்த முறை திருத்தும்போது எல்லாம் மறுபடி கலைந்துபோகும்.

செய்திமடலை நாளிதழ்போல் பக்கத்துக்கு இரண்டு பத்தியாக, இரு ஓரமும் நேராக வரும்படி அமைக்கிறோம். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் படிக்கச் சிரமம் என்கிறார்கள். என்ன காரணம்?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

ஓரம் நேராக இருக்கிறது. உள்ளே சொற்கள் சிதறிக்கிடக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இருபுறமும் இரண்டரை செ.மீ. ஓரம் போக 16 மிஞ்சும். நடுவில் 8 மி.மீ. இடைவெளி விட்டால் ஒரு பத்திக்கு 7.6 செ.மீ. கிடைக்கும். வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி ஒட்டித் தமிழ்ச் சொல் நீளும். ‘விண்ணப்பித்திருப்பவர்களுக்கு’ என்ற ஒரு சொல்லே பத்தியின் பாதியைத் தாண்டிவிடும். இப்படி வரிக்கு மூன்று சொல் என்றால் சொல்லிடைவெளிகள் இரண்டுதான். அடுத்த சொல் கொள்ளாமல் கீழே போய் 12 மி.மீ. மிச்சம் விழுந்தால், இரு ஓரமும் நேராக்கும் கட்டளை அதை அந்த இரண்டு இடைவெளிக்கும் ஆறு ஆறாகப் பிரித்துக் கொடுக்கும். கண் அடுத்த சொல்லைத் தேடித் தாவும். இத்தகைய வரிகள் நாலைந்து அடுத்தடுத்து வந்தால் பத்தியின் நடுவே மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு ஓடுவதைக் காணலாம்.

வழி இரண்டு உண்டு. எளிது எது என்றால், இடப்பக்கம் மட்டும் நேராக வைத்து வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுவது. கடிதம், அறிக்கை, செய்திமடல் எல்லாவற்றுக்கும் இதையே பரிந்துரைக்கிறோம். அழகு குறைகிறது என்ற தயக்கம் வேண்டாம். இரண்டாவது, நாளிதழ்கள் செய்வதுபோலச் சொல்லை வரிக் கடைசியில் உடைப்பது. தமிழில் எந்த எழுத்துக்குப் பின்னும் உடைக்கலாம், ஆனால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. ‘கட்டடம்’ என்பதைக் ‘கட்-டடம்’, ‘கட்ட-டம்’ எனப் பிரிக்கலாம்; ‘க-ட்டடம்’ தவறு. ஓரெழுத்து மட்டும் வரியில் தனித்து நிற்பதும் கூடாது. வேர்டில் உடைய வேண்டிய இடத்தில் கர்சரை வைத்துக் கன்ட்ரோலோடு கழித்தல் குறியை அழுத்தினால், சொல் உடையும்போது மட்டும் சிறு கோடு தெரியும். வெறும் கழித்தல் குறியைத் தட்டினால் திருத்தத்துக்குப் பிறகு அது வரியின் நடுவில் வந்து நிற்கும்.

ஒரே பத்தியாகவே விட்டு, ஓரங்களை மூன்று செ.மீ. ஆக்கிப் பாருங்கள். வரிக்கு ஏழெட்டுச் சொல் வந்தால் தமிழ் படிக்க இதமாக இருக்கும்.

மாவட்ட ஆட்சியருக்கு ஏரி ஆக்கிரமிப்பு குறித்து மனு தயாரிக்கிறோம். முக்கியமான இடங்களை அடிக்கோடிட்டு, தடித்த எழுத்தில், சாய்வாகவும் போட்டிருக்கிறோம். சரியா?
– விவசாயி, மதுரை மாவட்டம்

முதலில் அடிக்கோட்டை எடுத்துவிடுங்கள். எ-வுக்கும் ஏ-வுக்கும் உள்ள வேறுபாடு அடியில் இருக்கும் சிறு சாய்கோடு மட்டும்தான். அதன்மேல் அடிக்கோடு ஓடினால் ‘ஏரி’ ‘எரி’யாகத் தெரியும். ஒ-ஓ, மு-மூ, பு-பூ எல்லாவற்றிலும் இதே சிக்கல். கணினித் திரையில் தெரிந்தாலும் இரண்டு முறை ஜெராக்ஸ் எடுத்தபின் தெரியாது. மனு என்பது துறை துறையாக ஜெராக்ஸ் எடுக்கப்படும் தாள்.

சாய்வும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. மென்பொருள் நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டுகிறது. மேற்கோள் என்றால் மேற்கோள்குறி போதும்.

தடித்த எழுத்தை வைத்துக்கொள்ளலாம், அளவோடு. ண, ஞ, இ, ஐ போன்ற எழுத்துகளின் உள்வெளி குறுகியது. 10 பாயின்டில் தடித்தால் மை நிறைந்து அடைத்துக்கொள்ளும். தடித்த எழுத்து 12 பாயின்டுக்குக் குறையாமல் இருக்கட்டும், ஒரு பக்கத்தில் மூன்று நான்கு இடங்களுக்குமேல் வேண்டாம். பக்கத்தில் பாதி தடித்திருந்தால் எதுவுமே தனித்துத் தெரியாது.

உங்கள் மனுவில் தனித்துத் தெரிய வேண்டியவை சர்வே எண், பரப்பு, கிராமம், வட்டம், கோரிக்கை ஆகியவைதான். ‘பொருள்’, ‘பார்வை’ வரிகள் வழக்கம்போல் மேலே இருக்கட்டும். சர்வே எண்ணையும் பரப்பையும் பத்திக்குள் புதைக்காமல் சிறு கட்டமாக்குங்கள். கோரிக்கைகளுக்கு 1, 2, 3 என எண் கொடுத்துத் தனித்தனி வரியாக்கினால், பதில் எழுதும் அலுவலர் ‘கோரிக்கை 2 குறித்து’ என்று சுட்ட முடியும். பல பக்கம் போனால் ‘பக்கம் 2 / 5’ என்று குறியுங்கள். ஒரு தாள் கழன்றுபோனாலும் தெரிந்துவிடும்.

தலைப்பு எடுப்பாக இருக்கட்டும் என்று எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டுப் பரப்புவதும் கூடாது. ‘கோ’ என்ற ஓரெழுத்து இரட்டைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று துண்டாகச் சிதறும்.

இங்கே எங்கள் சங்கத்தின் பழைய கோப்புகள் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. கனடாவில் உள்ள உறவினருக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதாம்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துதான் தெரியும். கோப்பினுள் தேடவும் முடியாது. யூனிகோடுக்கு மாற்றுவதே நிரந்தர வழி. உடனே அனுப்ப வேண்டுமென்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு உள்ளேயே பொதிந்து போகும்.

மாற்றியபின் சரிபார்க்க வேண்டியவை சில. மாற்றும் மென்பொருள் கோப்பில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் பாமினி என்றே நினைத்து, பொருளற்ற தமிழாக்கிவிடும். அவற்றை மாற்றுவதற்கு முன்பே தனியே எடுத்துவைத்துப் பின்னர் சேருங்கள். அடுத்து, ‘அவர்’ போன்ற சொற்களில் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்து ‘ா்’ என்று இருக்கும். ‘கௌரவம்’ என்பது ஒற்றைக்கொம்பு, க, ள என்று ‘கெளரவம்’ ஆகியிருக்கும். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தேடினால் கிடைக்காது, அகர வரிசையிலும் இடம் மாறும், திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் தவறாக உச்சரிக்கும். ‘தேடி மாற்று’ கட்டளையில் ‘ா்’ எல்லாவற்றையும் ‘ர்’ ஆக்கலாம். ‘கெள’வை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், ஏனென்றால் ‘கெளிற்று மீன்’ சரியான சொல்.

மளிகைக் கடைக்கு மொத்த விலைப்பட்டியல் அச்சிடுகிறோம். வாடிக்கையாளர்கள் அடுத்த வரி விலையைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள்.
– கடை உரிமையாளர், விருதுநகர்

பட்டியலைத் தாளின் முழு அகலத்துக்கு இழுத்திருக்கிறீர்கள். பொருளின் பெயர் இடக்கோடியிலும் விலை வலக்கோடியிலும் இருப்பதால், நடுவே 8, 9 செ.மீ. வெற்றிடத்தைக் கடக்கும் கண் வரி மாறிவிடுகிறது. பட்டியலை 11 செ.மீ. அகலத்துக்குச் சுருக்குங்கள். பெயருக்கு 6, அளவுக்கு 2.5, விலைக்கு 2.5. மிஞ்சும் இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். 95.00, 1,250.00 என்று புள்ளிக்குப் பின் எல்லாவற்றிலும் இரண்டு இலக்கம் இருந்தால் ஒன்றின் கீழ் ஒன்றாக அமரும். ‘ரூ.’ ஒவ்வொரு வரியிலும் வேண்டாம், தலைப்பில் ஒருமுறை போதும். ‘கி’ என்று மட்டும் போட்டால் கிலோவா கிராமா என்ற ஐயம் வரும். ‘கிலோ’, ‘கிராம்’ என்றே எழுதுங்கள். நெடுக்குக் கோடுகளை எடுத்துவிட்டு அரை பாயின்ட் கிடைக்கோடுகளை மட்டும் வையுங்கள். வரி விட்டு வரி சாம்பல் நிறம் பூசுவது ஜெராக்ஸில் புள்ளி புள்ளியாகி எண்ணை மறைக்கும்.

உங்கள் பட்டியல் 9 பாயின்டில் இருக்கிறது. ‘முட்டை’யும் ‘மூட்டை’யும் அடுத்தடுத்து வருகின்றன. மங்கலான அச்சில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. 11 பாயின்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

இரண்டாம் பக்கத்திலும் தலைப்பு வரி வர, முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்து ‘ரிப்பீட் ஹெடர் ரோஸ்’ கொடுங்கள். வேலை செய்யவில்லையென்றால், பட்டியலைச் சுற்றி எழுத்து ஓடும்படி ‘அரவுண்ட்’ என்ற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதை ‘நன்’ ஆக்கினால் சரியாகும்.

உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தில் எழுத்துக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். யாரும் கட்டத்துக்குள் எழுதுவதில்லை.
– மகளிர் குழு ஒருங்கிணைப்பாளர், தருமபுரி

எழுத முடியாது. 5 மி.மீ. கட்டம் ஆங்கிலப் பெரிய எழுத்துக்காக வந்த அளவு. ‘கௌ’வும் ‘ணை’யும் அதில் அடங்கா. புள்ளிக்குத் தனிக் கட்டமா என்ற குழப்பமும் வரும். பெயருக்கு 12 செ.மீ. நீளக் கோடு, மேலே 10 மி.மீ. உயர இடம் கொடுங்கள். முகவரிக்கு அப்படி மூன்று கோடுகள். இலக்கங்களுக்குக் கட்டம் நல்லது: கைபேசிக்கு 10, அஞ்சல் குறியீட்டுக்கு 6, ஆதாருக்கு நான்கு நான்காக 12. ‘இணைக்க வேண்டியவை’ பட்டியலைப் படிவத்தின் முடிவில் வைத்திருக்கிறீர்கள். அது முதல் வரியாக வந்தால், ரேஷன் கார்டு நகலுக்காக மறுபடி ஊருக்குப் போய்வரும் அலைச்சல் மிச்சம்.

விழா மலருக்கு இன்டிசைனில் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் கொம்புகள் இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு வருகின்றன.
– டிடிபி பணியாளர், சிவகாசி

எழுத்துருவில் பிழையில்லை. பத்திப் பலகையின் மெனுவில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பத்தி ஸ்டைலிலேயே அதைப் பதித்துவிட்டால் புதிதாக ஒட்டும் பகுதிகளும் சரியாக வரும்.

அறிவிப்புகளை இப்போது பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறோம். பெரியவர்கள் ‘எழுத்தே தெரியவில்லை’ என்கிறார்கள்.
– வாசகி, திருநெல்வேலி

கைபேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 7 செ.மீ.; ஏ4 தாள் 21. பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதால் 12 பாயின்ட் எழுத்து 4 பாயின்டாகிறது. விரலால் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். திரைக்கென்றே தனிப் பக்கம் அமையுங்கள்: அகலம் 9 செ.மீ., உயரம் 16 செ.மீ., ஓரம் 6 மி.மீ., எழுத்து 16 பாயின்ட், வரி 24 பாயின்ட். சுருங்கியபின்னும் 12 பாயின்ட் அளவில் தெரியும். தேதி, நேரம், இடம் மூன்றையும் பிடிஎஃப்புக்குள் மட்டும் வைக்காமல் செய்தியிலேயே தட்டச்சு செய்து அனுப்புங்கள். கோப்பைத் திறக்காதவருக்கும் போய்ச் சேரும்.

அழைப்பிதழின் பின்னணியில் கோயில் கோபுரப் படம் வைத்து மேலே எழுத்து வைக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

கோபுரத்தில் சிற்பங்களின் நிழலும் வெளிச்சமும் மாறி மாறி வருவதால் எழுத்தின் புள்ளியும் கொம்பும் அதில் கரைந்துவிடும். படத்தை மங்கலாக்கினால் படமும் போச்சு, எழுத்தும் தெளியாது. மேல் பாதியில் கோபுரத்தை முழு நிறத்தில் வையுங்கள். கீழ்ப் பாதியை வெள்ளையாக விட்டு, அதில் அடர் கருநீலத்திலோ கறுப்பிலோ எழுத்தை வையுங்கள். மஞ்சள் தாள் என்றால் அடர் சிவப்பும் பொருந்தும். பொன்னிற மையை அம்மன் பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரத்துக்கு வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் பளபளத்து இலக்கம் தெரியாமல் போகும்.